2 வயதுக் குழந்தை 1 ரூபாய் காசை விழுங்கிவிட்டாள், இரைப்பையில் இருக்கிறதாம். காத்திருக்கலாமா?

கொலுசு வீடு, சிவதாபுரம்

எல்லோருக்கும் வணக்கம். நேற்று சாயங்காலம் என் சின்ன மகள் காசு விழுங்கிவிட்டாள். அவளுக்கு 2 வயது முடியப் போகிறது. நான் அடுப்படியில் இருந்தேன். பெரியவன் ஓடிவந்து, "அம்மா, பாப்பா காசு தின்னுட்டா" என்றான். போய்ப் பார்த்தால் கண்ணெல்லாம் தண்ணீர், வாயில் எச்சில் ஒழுக உட்கார்ந்திருக்கிறாள். ஓங்கரித்தாள், ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அழுகை நின்று தண்ணீர் கேட்டாள்.

வண்டியில் உட்கார வைத்து நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். எக்ஸ்ரேயில் விலாவுக்குக் கீழே இடது பக்கமாக வட்டமாக, வெள்ளையாக ஒன்று தெரிந்தது. இரைப்பைக்குள் இறங்கிவிட்டது, தானாக வந்துவிடும், எப்போதும் போல சாப்பாடு கொடுங்கள், மலத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார் டாக்டர். வாந்தி, வயிற்றுவலி, காய்ச்சல், மலத்தில் ரத்தம் என்று எதுவும் வந்தால் உடனே தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். அவ்வளவுதான், மருந்து எதுவும் எழுதித் தரவில்லை.

வீட்டுக்கு வந்தால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அத்தை, வாழைப்பழத்தைப் பிசைந்து ஊட்டு, வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நிற்கிறார். என் வீட்டுக்காரர், குழாய் விட்டு எடுத்துவிடலாம், பணம் போனால் போகட்டும் என்கிறார். காசு துருப்பிடித்து விஷமாகிவிடுமோ என்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

இன்னொன்று. எங்கள் வீட்டு முன்னறையேதான் பட்டறை. கொலுசு வளையம், சலங்கை முத்து, திருகாணி எல்லாம் தட்டுத் தட்டாக இருக்கும். இங்கே பாதி வீடு அப்படித்தான். இதில் எதை விழுங்கினால் ஆபத்து, எதற்குக் காத்திருக்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அழகாபுரம் எக்ஸ்ரே

அம்மா, முதலில் ஒன்று கேட்கிறேன், மற்றதெல்லாம் அப்புறம். குழந்தை விழுங்கியது காசுதான் என்று யார் கண்ணால் பார்த்தது? பெரியவன் சொன்னது மட்டும்தானா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2019க்குப் பிறகு வந்த புது 1 ரூபாய் காசின் குறுக்களவு 20 மில்லிமீட்டர். சின்ன ரிமோட்டிலும் கார் சாவியிலும் போடும் சிஆர் 2032 பட்டன் பேட்டரியும் 20 மில்லிமீட்டர்தான். அந்த எண்ணே அதைத்தான் சொல்கிறது: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 5 வயதுப் பையன் கண்ணுக்கு இரண்டும் காசுதான். எக்ஸ்ரேயிலும் முதல் பார்வைக்கு இரண்டும் வெள்ளை வட்டம்தான்.

ஆனால் படத்தில் பிரித்துப் பார்க்க வழி உண்டு. காசு என்றால் ஓரம் வரை ஒரே வெள்ளையாக இருக்கும். பேட்டரி என்றால் ஓரத்தை ஒட்டி உள்ளே இன்னொரு வளையம் மெல்லிசாகத் தெரியும், இரட்டைக் கோடு போட்ட மாதிரி. பக்கவாட்டில் எடுத்த படத்தில் காசு ஒரு நேர்க்கோடாக இருக்கும், பேட்டரியில் ஒரு பக்கம் சின்னதாகப் படி வைத்தது போல இருக்கும். உங்கள் டாக்டர் இதைப் பார்த்துத்தான் அனுப்பியிருப்பார். இருந்தாலும் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இப்போதே போய், "இது பேட்டரி இல்லைதானே, பக்கவாட்டுப் படம் வேண்டுமா?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். குழந்தை நன்றாக விளையாடுகிறாளே என்று இருந்துவிட வேண்டாம். பேட்டரி விழுங்கிய குழந்தையும் ஆரம்பத்தில் நன்றாக விளையாடும்.

நான் டாக்டர் இல்லை. சேலத்தில் எக்ஸ்ரே பிரிவிலேயே காலம் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காசு, சாவி, ஊக்கு, தோடு, கொலுசு முத்து என்று குழந்தைகளின் நெஞ்சிலும் வயிற்றிலும் பார்க்காத பொருள் இல்லை. 6 மாதத்திலிருந்து 3 வயது வரைதான் இது அதிகம். கையில் கிடைத்ததை வாயில் போட்டுப் பார்த்துத்தான் அந்த வயதில் ஒன்றைத் தெரிந்துகொள்வார்கள்.

இனி காசுதான் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். காசு மாட்டுவது பெரும்பாலும் உணவுக்குழாயில். அதிலும் கழுத்தெலும்புக்கு நேரே, உணவுக்குழாய் தொடங்கும் இடத்தில்தான் அதிகம். அதற்கடுத்து நெஞ்சில் பெருந்தமனி, அதாவது இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாய், வளைந்து குறுக்கே போகும் இடம், கடைசியாக இரைப்பை வாசல். அங்கே மாட்டிக்கொண்டு குழந்தை எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் ஒழுகவிட்டால், மூச்சுக்குச் சிரமப்பட்டால், உடனே எடுத்தாக வேண்டும். தொந்தரவே இல்லையென்றாலும் உணவுக்குழாயில் ஒரு நாளுக்கு மேல் விட மாட்டார்கள். உங்கள் மகளுக்கு இந்த மூன்று இடத்தையும் தாண்டிவிட்டது. அதுதான் பெரிய கண்டம். மொத்தத்தில் குழந்தைகள் விழுங்கும் பொருட்களில் 100க்கு 80, 90 தானாகவே வெளியே வந்துவிடும். அறுவை சிகிச்சை வரை போவது 100க்கு 1கூட இல்லை.

இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்குப் போகும் வாசலில் சின்னக் குழந்தைக்கு 25 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான பொருள் தாண்டுவது கஷ்டம். 10 ரூபாய், 20 ரூபாய் காசு இரண்டும் 27 மில்லிமீட்டர். அதுதான் என்றால் நான் இவ்வளவு தைரியமாகப் பேச மாட்டேன். 1 ரூபாய் புதுசு 20, அதற்கு முந்தியது 22. போய்விடும். இரண்டு நாளில் வரலாம், இரண்டு வாரமும் ஆகலாம். தொந்தரவு இல்லாத வரை 4 வாரம்கூடப் பொறுப்பார்கள், நடுவில் ஒரு எக்ஸ்ரே எடுத்து எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள். 4 வாரமாகியும் இரைப்பையிலேயே கிடந்தால்தான் எண்டோஸ்கோபி, அதாவது வாய் வழியாகக் குழாய் விட்டு எடுப்பது. அதற்கு மயக்க மருந்து வேண்டும், அதனால் தேவையில்லாமல் யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள், அவர் பயப்படுவதும் நியாயம்தான்.

துரு பற்றி: நம் 1 ரூபாய் துருப்பிடிக்காத எஃகு. இரைப்பை அமிலம் அதை ஒன்றும் செய்யாது. நெட்டில் துத்தநாகம் கரைந்து இரைப்பைப் புண் வந்ததாகப் படித்திருந்தால், அது அமெரிக்க 1 சென்ட் காசு. 1982லிருந்து அதன் உள்பக்கம் துத்தநாகம். நமக்கு அந்தக் கவலை இல்லை.

விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம். வயிற்றைப் பிரட்டி வாந்தி வரவைத்தால், கீழே போன பொருள் மேலே வந்து மூச்சுக்குழாயில் மாட்டலாம். பேதியானால் குழந்தைக்கு நீர்ச்சத்து போகும், காசு அதற்காக வேகமாக வராது. வாழைப்பழம் இப்போது தின்னட்டும், கெடுதல் இல்லை, சாப்பாடாகத் தின்னட்டும்.

நாகலூர் காபி

அண்ணா சொன்னது விழுங்கியதைப் பற்றி. நான் மற்ற வழியான மூச்சுக்குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் என் பையனைத் தொலைக்கப் பார்த்தோம்.

நாங்கள் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம். காபி பறிக்கும் சமயம், வீட்டில் எல்லோரும் களத்தில். பையனுக்கு அப்போது ஒன்றரை வயது. வறுத்த வேர்க்கடலையை வாயில் வைத்துக்கொண்டு ஓடியவன் திடீரென்று இருமினான், முகம் சிவந்து நீலம் பாய்ந்தது. என் அம்மா குப்புறச் சாய்த்து முதுகில் தட்டினார், கொஞ்சம் துப்பினான், மூச்சு வந்தது. சரியாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம், பார்த்தவர்கள் அத்தனை பேரும் அப்படித்தான் சொன்னார்கள்.

மறுநாளிலிருந்து இருமல். மூச்சில் விசில் மாதிரி ஒரு சத்தம். ஒரு கிளினிக்கில் சளி என்று மருந்து கொடுத்தார்கள். கடலை தின்று புரையேறியதை நாங்கள் சொன்னோம், அவர்கள் அதைக் காதில் வாங்கவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள். காய்ச்சல் வந்தது. கடைசியில் சேலத்தில் ஒரு குழந்தை டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு, "வலது பக்கம் காற்றுப் போவது குறைவாக இருக்கிறது, ஏதாவது புரையேறியதா?" என்று அவராகவே கேட்டார். அந்தக் கேள்விக்காக அவரை இன்றைக்கும் கும்பிடுகிறேன். மயக்க மருந்து கொடுத்து மூச்சுக்குழாய்க்குள் பிராங்கோஸ்கோப் விட்டு அரைக் கடலையை எடுத்தார்கள். ஊறிப் பெருத்துப்போய் இருந்தது, சுற்றியுள்ள சதை சிவந்து வீங்கியிருந்தது.

கடலை, புளியங்கொட்டை, சீதாப்பழக் கொட்டை, மிளகு, காபிக்கொட்டை எதுவும் எக்ஸ்ரேயில் தெரியாது. படம் சுத்தமாக இருக்கிறது என்றால் உள்ளே ஒன்றும் இல்லை என்று ஆகாது. திடீரென்று புரையேறி, அப்புறம் இருமலோ விசில் சத்தமோ நிற்காமல் இருந்தால், "புரையேறியது" என்ற வார்த்தையை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். காதில் வாங்கவில்லையென்றால் திரும்பவும் சொல்லுங்கள். 4 வயது வரை எங்கள் வீட்டில் இனி முழுக் கடலை கிடையாது, பொடித்துத்தான்.

அண்ணா, எனக்கும் ஒரு கேள்வி. பேட்டரி என்றால் எவ்வளவு நேரத்துக்குள் போக வேண்டும்? எங்களுக்கு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் வந்து, அப்புறம் சேலம். மூடுபனி நாளில் 1 மணி நேரத்துக்கு மேலேயே ஆகிவிடும்.

கொலுசு வீடு, சிவதாபுரம்

அய்யா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் உடம்பு நடுங்கியது. பட்டறையில் வெள்ளி நிறுக்கிற சின்ன எடை மெஷினில் நீங்கள் சொன்ன அதே எண் பேட்டரிதான். பழையதை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தோம். அப்படியே படத்தை எடுத்துக்கொண்டு ஓடினோம். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. விளக்குப் பலகையில் மாட்டி ஓரத்தைக் காட்டினார், பக்கவாட்டிலும் ஒரு படம் எடுத்தார். காசுதான். அதுவும் இப்போது குடலுக்குள் போய்விட்டதாம். டப்பாவில் இருந்த பேட்டரிகளையும் எண்ணிப் பார்த்துவிட்டோம், குறையவில்லை.

தீர்ந்துபோன பேட்டரிதானே, அதில் என்ன கரண்ட் இருக்கப்போகிறது என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். அவருக்கும் சொல்லுங்கள்.

அழகாபுரம் எக்ஸ்ரே

படித்ததும் நிம்மதியாக இருக்கிறது அம்மா.

பேட்டரி உள்ளிருந்து ஏதோ ஒழுகிப் புண்ணாக்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது இல்லை. உணவுக்குழாய் ஈரமான, இறுக்கமான குழாய். பேட்டரி அதில் மாட்டினால் இரண்டு முனைக்கும் நடுவில் அந்த ஈரம் வழியாகக் கரண்ட் ஓடும். நெகட்டிவ் முனையில் தண்ணீர் பிரிந்து காரம் உண்டாகும். அம்மாபேட்டைச் சாயப்பட்டறைகளில் காஸ்டிக் சோடா கையில் பட்டால் என்ன ஆகும் என்று அங்கே வேலை செய்தவர்களைக் கேளுங்கள், கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் இது உள்ளே செய்கிறது. கால் மணி நேரத்தில் தொடங்கிவிடும். 2 மணி நேரத்தில் ஆழமாக அரித்துவிடும். உணவுக்குழாயில் ஓட்டை விழலாம், அந்த ஓட்டை மூச்சுக்குழாயோடு சேர்ந்துகொள்ளலாம். பக்கத்திலேயே பெருந்தமனி. பேட்டரியை எடுத்துப் பல நாள், சில வாரம் கழித்துக்கூட அது அரித்து ரத்தமாக வாந்தி எடுத்த குழந்தைகள் உண்டு. அதனால்தான் எடுத்த பிறகும் மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பார்கள்.

மெஷினை ஓட்ட முடியாத அளவு தீர்ந்த பேட்டரியில்கூட இந்த வேலைக்குப் போதுமான கரண்ட் மிச்சம் இருக்கும். புதுசு 3 வோல்ட், அதனால் இன்னும் மோசம். கழற்றியதும் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, சீக்கிரம் வீட்டை விட்டு அனுப்பிவிடுங்கள். மூக்கிலோ காதிலோ திணித்துக்கொண்டாலும் இதே அரிப்புத்தான், அதையும் அவசரமாகவே பாருங்கள்.

இரைப்பைக்குப் போய்விட்டால் ஆபத்து குறையும், ஆனால் தீராது. 5 வயதுக்குக் கீழ் குழந்தை, 20 மில்லிமீட்டர் பேட்டரி என்றால் ஒன்றிரண்டு நாளுக்குள் எண்டோஸ்கோபியில் எடுப்பதைப் பற்றி டாக்டர்கள் யோசிப்பார்கள். உணவுக்குழாய் என்றால் யோசனையே கிடையாது, உடனே.

நாகலூர்த் தம்பிக்கு: மலையிலிருந்து இறங்கும் நேரத்துக்குத்தான் தேன் இருக்கிறது. பன்றிக்குட்டிகளிடம் செய்த ஆய்வில் தேன் அந்தக் காரத்தைக் குறைத்து, புண் ஆழமாகாமல் தடுத்தது. இப்போது வெளிநாட்டு வழிகாட்டுதல்களிலும் சேர்த்திருக்கிறார்கள். குழந்தைக்கு 1 வயது முடிந்திருக்க வேண்டும், விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும், குழந்தையால் விழுங்க முடிய வேண்டும். 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை 2 டீஸ்பூன், 6 தடவை வரை. வண்டியில் போய்க்கொண்டே கொடுங்கள். தேன் தேடி ஒரு நிமிஷம்கூட நிற்க வேண்டாம். தேன் கொடுத்தாகிவிட்டதே என்று மெதுவாகவும் போக வேண்டாம். 108ஐக் கூப்பிடும்போதே பட்டன் பேட்டரி என்று சொல்லிவிடுங்கள், எண்டோஸ்கோபி வசதி உள்ள இடத்துக்கே நேராகப் போவது முக்கியம்.

கொலுசுச் சாமான்களுக்கு வருகிறேன். உருண்டையான வெள்ளி முத்து, சின்ன வளையம் இதெல்லாம் இரைப்பை வரை போய்விட்டால் பெரும்பாலும் வந்துவிடும். ஆனால் அதே முத்து மூச்சுக்குழாய்க்குள் போனால் தம்பி சொன்ன கதைதான். முனை கூர்மையான கம்பித்துண்டு, திறந்த கொக்கி, ஊக்கு எல்லாம் வேறு கணக்கு. உணவுக்குழாயில் இருந்தால் அவசரமாக எடுப்பார்கள், இரைப்பையில் எட்டினாலும் எடுத்துவிடத்தான் பார்ப்பார்கள். பிலடெல்பியாவில் ஷெவாலியே ஜாக்சன் என்று ஒரு டாக்டர், 1865லிருந்து 1958 வரை வாழ்ந்தவர். நோயாளிகளின் தொண்டை, மூச்சுக்குழாய், உணவுக்குழாய்களிலிருந்து எடுத்த 2,374 பொருட்களைச் சேர்த்து வைத்தார், இன்றைக்கும் அங்கே மியூட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கூர்முனை முன்னால் போனால் குத்தும், பின்னால் இழுபட்டு வந்தால் குத்தாது என்று சொன்னவர் அவர். ஊக்கு எந்தப் பக்கம் பார்த்துத் திறந்திருக்கிறது என்று டாக்டர்கள் படத்தில் தேடுவது அதற்காகத்தான். வீட்டில் இருந்த காஸ்டிக்கைக் குடித்துத் தொண்டை வெந்துபோன குழந்தைகளை எத்தனையோ பார்த்து, டப்பாவில் எச்சரிக்கை ஒட்ட வேண்டும் என்று விடாமல் போராடினார். 1927இல் அமெரிக்காவில் அதற்குச் சட்டமே வந்தது. உங்கள் பட்டறையில் வெள்ளி கழுவ ஆசிட் இருந்தால், அதைத் தண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள் அம்மா, கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

காந்தம் இன்னொரு எமன். ஒன்று போனால் வந்துவிடலாம். இரண்டு போனால், அல்லது ஒரு காந்தமும் ஒரு இரும்புத் துண்டும் போனால், குடலின் இரண்டு மடிப்பில் நின்றுகொண்டு ஒன்றையொன்று இழுக்கும். நடுவில் மாட்டிய குடல் நசுங்கி ஓட்டையாகிவிடும். விளையாட்டுச் சாமான்களில் வரும் சின்னக் காந்தக் குண்டுகளைக் குழந்தை இருக்கும் வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

அஸ்தம்பட்டி நர்ஸ்

அறுவை அரங்கில் வேலை பார்க்கிறேன், அய்யா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். விழுங்கியது தெரிந்ததும் வாழைப்பழம், சாத உருண்டை, பிரெட் என்று ஊட்டிவிட்டுத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். அன்பினால் செய்வதுதான், புரிகிறது. ஆனால் மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, தண்ணீருக்கு 2. பேட்டரி என்றால் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது, நிறைந்த வயிற்றோடு மயக்கம் கொடுக்கிற ஆபத்தை டாக்டர் ஏற்க வேண்டியிருக்கும். சாப்பாடு எதிர்க்களித்து நுரையீரலுக்குப் போய்விடுமோ என்பதுதான் அங்கே எங்கள் பயம். எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொல்லும் வரை, பேட்டரிக்கான தேனைத் தவிர, வாயில் எதுவும் வேண்டாம்.

இன்னொன்று, வாயில் விரலை விட்டுத் துழாவாதீர்கள். கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள், இல்லையென்றால் உள்ளே தள்ளிவிடுவீர்கள். புரையேறிய குழந்தை சத்தமாக இருமினால் இரும விடுங்கள். இருமலோ அழுகையோ வெளியே வராமல் திணறினால்தான் நாம் இறங்க வேண்டும். 1 வயதுக்குக் கீழ் என்றால் முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ, முதுகில் 5 தட்டு. திருப்பி மார்பு நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 அழுத்து. பெரிய குழந்தைக்கு முதுகில் 5, அப்புறம் பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே கை கோத்து உள்ளும் மேலுமாக 5. வெளியே வரும் வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். குழந்தை துவண்டுவிட்டால் தரையில் படுக்க வைத்து நெஞ்சை அழுத்தத் தொடங்கிவிட்டு 108.

கொலுசு வீடு, சிவதாபுரம்

காசு வந்துவிட்டது. இன்று காலையில், டயப்பரில், கறுத்துப்போய். அத்தை சாமி மாடத்தில் கற்பூரம் ஏற்றிவிட்டார். ஒரே ஒரு சந்தேகம்: இனி ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா?

அழகாபுரம் எக்ஸ்ரே

முதல் படத்தில் ஒன்றுதான் இருந்தது, அது முழுசாக வந்துவிட்டது என்றால் பொதுவாக இன்னொரு படம் தேவைப்படாது. வந்துவிட்டதை டாக்டருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். பாப்பா சாப்பிடுகிறாள், வாந்தி இல்லை, காய்ச்சல் இல்லை என்றால் வேறு ஒன்றும் பார்க்க வேண்டியதில்லை. பெரியவனை நான் பாராட்டியதாகச் சொல்லுங்கள், அவன் ஓடிவந்து சொன்னதால்தான் அன்றைக்கே படம் எடுக்க முடிந்தது.